நடுக்காரர் போட்ட முதல் ஓட்டு

வருஷத்தில் ஒரே ஒரு நாள் ஊர் அவருக்குக் கை தட்டும். மற்ற நாளெல்லாம் "பியூன், டீ எங்க?", "பியூன், ஜன்னலைச் சாத்து" என்று அவரை விரட்டுகிற அதே ஆட்கள்தான் தட்டுவார்கள். அந்த ஒரு நாளில், நகராட்சி மன்றக் கூடத்தின் தரையில் பதித்திருக்கும் பித்தளைப் பட்டைக்கு இந்தப் பக்கம் கிடக்கிற தலைவர் நாற்காலியைத் தனி ஆளாகத் தூக்கி, பட்டையைத் தாண்டி அந்தப் பக்கம் கொண்டுபோய் வைப்பார். கணக்காகப் பதினோரு எட்டு. பத்தில் நிறுத்தினால் தலைவரின் முதுகு ஜன்னல் வெயிலில் காயும், பன்னிரண்டாவது வைத்தால் சுவரில் இடிக்கும். நாலு காலும் ஒரே சமயத்தில், சத்தமே இல்லாமல் தரையில் படும்படி இறக்குவார். தோள் துண்டை எடுத்து இருக்கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல ஒதுங்கி நிற்பார். கூடம் அதிரும். அவர் முகத்தில் மட்டும் சிரிப்பு வராது. அது வீட்டுக்குப் போன பிறகு வரும்.

ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் நடுக்காரர். ஏன் அப்படி என்று கேட்டால் ஊர் பிறந்த கதையைச் சொல்ல வேண்டிவரும். பயப்பட வேண்டாம், கதை சின்னதுதான், சண்டைதான் நீளம்.

எண்பத்தேழு வருஷத்துக்கு முன்னால் அங்கே ஊர் என்று ஒன்று கிடையாது. மேட்டில் ஒரு குடியிருப்பு, ஆற்றங்கரையில் ஒரு குடியிருப்பு, இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் புல்லும் நிறையப் பகையும். தனித்தனியாக எண்ணினால் நகராட்சி ஆவதற்கு இரண்டிலும் தலை போதாது, சேர்ந்தால் உண்டு, சேராவிட்டால் இல்லை என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. நகராட்சி வந்தால் தெருவுக்கு விளக்கு வரும், குழாயில் தண்ணீர் வரும். அந்த இரண்டுக்காகவும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றானார்கள். அலுவலகத்தை யார் பக்கம் கட்டுவது என்பதிலேயே எட்டு மாதம் ஓடியது. கடைசியில் எல்லைக் கோட்டின் மேலேயே கட்டினார்கள். கோடு எங்கே இருந்தது என்பது பேரன் பேத்திகளுக்கு மறந்துவிடக் கூடாதாம்! அதனால் இரண்டு விரல் அகலத்துக்குப் பித்தளைப் பட்டையைத் தரையில் பதித்து, கூடத்தின் நடுவிலிருந்து பின்பக்க முற்றம் வழியாக, பியூனுக்காகக் கட்டிய சின்ன வீட்டுக்குள்ளும் ஓட்டிவிட்டார்கள்.

மேட்டுப் பக்கத்துக்கு ஐந்து உறுப்பினர், ஆற்றுப் பக்கத்துக்கு ஐந்து உறுப்பினர். தலைவர் பதவி ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே. முதல் வருஷம் ஆற்றுப் பக்கத்தில் சுமுகமாகக் கழிந்தது. இரண்டாம் வருஷம் பிறந்த அன்றைக்கு மேட்டுக்காரர்கள் நாலு பேர் நாற்காலியை எடுத்துப்போக எழுந்து வந்தார்கள். எங்கள் தலைவர் உட்கார்ந்த நாற்காலியில் கை வைக்க நீ யார் என்றார்கள் ஆற்றுக்காரர்கள். அப்படியானால் நீங்களே தூக்கிவந்து போடுங்கள் என்றார்கள் மேட்டுக்காரர்கள். உங்களுக்கு நாங்கள் நாற்காலி தூக்குவதா என்று இவர்கள் கொதிக்க, ஆளுக்கொரு பக்கமாக இழுத்ததில் நாற்காலியின் முன்னங்கால் ஒன்று கழன்று, மிக மரியாதைக்குரிய ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கையோடு வந்துவிட்டது. அதை வைத்து அவர் என்ன செய்தார் என்பது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படவில்லை. அடுத்த தீர்மானம்தான் எழுதப்பட்டிருக்கிறது. எட்டாம் எண். இரு பக்கத்து வாக்காளர் பட்டியலிலும் பெயர் இல்லாத ஒருவர் மட்டுமே தலைவர் நாற்காலியைத் தொடலாம், தூக்கலாம். ஊர் தொடங்கிய நாளிலிருந்து பத்துப் பேரும் ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானம் அது ஒன்றுதான்.

அந்தத் தீர்மானத்தின்படி வந்த மூன்றாவது ஆள் நம்முடையவர். இருபத்தோரு வயதில், எங்கோ தொலைவிலிருந்து, ஒரு தகரப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். நேர்காணலில் ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

"இந்த ஊர்ல யாரைத் தெரியும்?"

"யாரையும் தெரியாதுங்க."

"சேந்துக்கோ" என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் சொன்னார்கள். எழுதப் படிக்கத் தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை. தெரியும் என்று அவரே மூன்று மாதம் கழித்துச் சொன்னார்.

அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம் அவர் நடுவிலேயே வாழ்ந்தார். ஒரு நாள் மேட்டுக் கடையில் காய் வாங்கினால் மறுநாள் ஆற்றுக் கடையில் வாங்குவார். கல்யாண வீட்டுக்குப் போனால் வாசலிலேயே நின்று வாழ்த்திவிட்டு வந்துவிடுவார், ஏனென்றால் உள்ளே போய் உட்கார்ந்தால் ஒரு வரிசையில் உட்கார வேண்டும். முடி வெட்டுவதில்தான் சிக்கல். ஒரு மாதம் மேட்டுக் கடை, ஒரு மாதம் ஆற்றுக் கடை. போன மாதம் வெட்டியவரைத் திட்டிக்கொண்டேதான் இரண்டு பேரும் வெட்டுவார்கள். அதனால் அவர் தலையில் எப்போதும் இரண்டு அபிப்பிராயங்கள் தெரியும். வேலைக்கு வந்த வருஷமே நடந்த கல்யாணத்தைக்கூட வெளியூரில் பார்த்துத்தான் பண்ணிக்கொண்டார். மன்றத்தில் மேட்டுக்காரர் நகைச்சுவையாக ஏதாவது சொல்லிவிட்டால், ஆற்றுக்காரர் ஒன்று சொல்லும்வரை சிரிப்பை அடக்கி வைத்திருந்து இரண்டுக்கும் சேர்த்துச் சிரிப்பார்.

தெருவிளக்குத் தீர்மானம் வந்தபோது அவர்தான் டீ கொடுத்தார். மேட்டுக்கு ஒரு கம்பம், ஆற்றுக்கு ஒரு கம்பம் என்று பிரித்ததில் ஒன்று மிஞ்சியது. அதை நடுவில் நட்டார்கள். யார் பக்கத்திலிருந்து மின்கம்பி இழுப்பது என்பது பத்தொன்பது கூட்டமாக ஒத்திவைக்கப்பட்டு வருகிறது. அதுவரை அந்தக் கம்பத்தில் அவர் குடையை மாட்டி வைத்துக்கொள்கிறார். ஊருக்கு ஆகாவிட்டாலும் அவருக்கு ஆயிற்று.

ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தேர்தல். வாக்குச்சாவடி போடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. மேசை எங்கே, மறைப்புத் தட்டி எங்கே, வரிசை நிற்கக் கயிறு எங்கே எல்லாம் அவர் கைக்குத் தெரியும். மறைப்புக்குப் பின்னால் போய் நின்று, குனிந்து, நிமிர்ந்து, உயரமானவர்கள் எட்டிப் பார்க்க முடியுமா என்றெல்லாம் சோதித்துவிட்டு வெளியே வந்து, தண்ணீர்ப் பானையோடு காலையில் மேட்டுச் சாவடி வாசலிலும் மத்தியானம் ஆற்றுச் சாவடி வாசலிலும் உட்கார்ந்துவிடுவார். ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர். அவருக்கு ஓட்டு இல்லை. இருக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ஏழாவது தேர்தல் வருகிறவரை இல்லை.

அந்த வருஷம் வரைவு வாக்காளர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தபோது காற்று அடித்தது. பசை காயவில்லை. நாற்பது தாள்களும் முற்றம் முழுக்கப் பறந்தன. அவர் துரத்தித் துரத்திப் பொறுக்கி வந்தார். "வரிசை எண் பாத்து அடுக்கிடுங்கண்ணே" என்றார் தலைமை எழுத்தர். அவர் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி, மூக்கின் நுனியில் கண்ணாடி, எதற்கும் பதறாதவர். வரிசை எண் பார்க்க வேண்டியிருந்ததால், வாழ்க்கையில் முதல் தடவையாக நடுக்காரர் அந்தப் பட்டியலைப் படித்தார். அதுவரை எத்தனையோ பட்டியல் ஒட்டியிருக்கிறார், ஒன்றையும் படித்ததில்லை. தன் பெயர் இல்லாததைப் படித்து என்ன ஆகப்போகிறது?

ஆற்றுப் பக்கம், மூன்றாவது வார்டு, வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு. கதவு எண் அவருடைய வீட்டு எண். பெயர் அவருடைய மனைவியின் பெயர். கணவர் பெயர் என்ற இடத்தில் அவருடைய பெயர்.

மூன்று தடவை படித்தார். பிறகு தாளைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி வீட்டுக்கு நடந்தார். மனைவி சமையலறை வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"இது என்ன?"

"பேப்பர்."

"உன் பேரு இருக்கு!"

"ஆமா. இருக்கு. ஆறு தேர்தலா இருக்கு." முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆறு தேர்தலா! எப்படி?"

"எப்படின்னா? பேரு எழுத வந்த பொண்ணு இந்தக் கதவைத் தட்டிச்சு. இந்தக் கதவு ஆத்துப் பக்கம். பேரு கேட்டுச்சு, சொன்னேன். உங்க பேரும் கேட்டுச்சு. அவரு நடுவுல நிக்கற ஆளு, வேண்டாம்னுட்டேன்."

"நாம நடுவுல இருக்கணும்னு தீர்மானம் இருக்கே, உனக்குத் தெரியாதா?"

"உங்களுக்குத்தானே தீர்மானம்? நாற்காலி தூக்கறது நீங்க. நான் தூக்கறது தண்ணிக்குடம். அதுக்கு எந்தத் தீர்மானமும் இல்லையே?"

நடுக்காரர் தாளை மறுபடி ஒரு தடவை பார்த்தார். தேடிப் பிடித்து ஒரு கேள்வி கேட்டார்.

"ஓட்டுப் போட்டா விரல்ல மை வைப்பாங்களே."

"வச்சாங்க."

"நான் பாக்கவே இல்லையே?"

"அதத்தான் நானும் ஆறு தடவையா பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் மனைவி. ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தார்.

அன்றைக்கு அவருக்கு வேலை ஓடவில்லை. டீயைக் கொண்டுபோய்ப் பதிவேட்டின் மேல் வைத்தார். கோபமா என்று பார்த்தார், இல்லை. அது பொறாமை. அப்பட்டமான, பச்சைப் பொறாமை. ஆறு தடவை அவர் மேட்டுச் சாவடி வாசலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில், அவர் மனைவி ஆற்றுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய், அவர் கட்டிய மறைப்புக்குப் பின்னால் நின்று, இந்த ஊரில் யார் ஆள வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டு, வந்து அவருக்கே சோறு போட்டிருக்கிறார். தன் வீட்டிலேயே ஒரு ஊர்க்காரி குடியிருந்திருக்கிறாள். வெளியூர்க்காரன் அவர் ஒருத்தர்தான்.

மறுநாள் காலையில் தலைமை எழுத்தரின் மேசை முன்னால் போய் நின்றார்.

"மேடம், எனக்கு ஓட்டு வேணும்."

தலைமை எழுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "போடுங்கண்ணே. பேர் சேர்க்க இன்னும் இருபது நாள் இருக்கு. ஆனா எட்டாம் நம்பர் தீர்மானம் தெரியுமில்ல? பேரு ஏறிட்டா நாற்காலியத் தொட முடியாது. ஓட்டுக்காகப் பேரச் சேர்க்கறது, அப்புறம் நாற்காலிக்காகப் பேர எடுக்கறதுன்னு மாத்தி மாத்திப் பண்ண முடியாது. ஒரு தடவ ஏறின பேரு ஏறினதுதான்."

"வேலை?"

"வேலை இருக்கும். டீ, ஜன்னல், தபால் எல்லாம் இருக்கும். நாற்காலி மட்டும்தான் போகும்."

மட்டும்தானாம்! அவர் திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். மெழுகு போட்டுப் போட்டுப் பளபளத்துக்கொண்டிருந்தது அந்த நாற்காலி. ஒட்டவைத்த முன்னங்காலுக்கு எடை கொடுக்கக் கூடாது, இடுப்பில் சாய்த்து எடுக்க வேண்டும் என்பது இந்த உலகத்தில் அவருக்கு மட்டும் தெரியும். அது இல்லாவிட்டால் அவர் வெறும் டீ கொடுக்கிற ஆள். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் படிவத்தைக் கேட்டு வாங்கினார்.

படிவத்தில் ஒரு கேள்வி வில்லங்கமாக இருந்தது. எந்தப் பக்கத்து வாக்காளர்? வீட்டின் முன்வாசல் மேட்டுப் பக்கம், மனைவி படுக்கிற சமையலறை ஆற்றுப் பக்கம், பித்தளைப் பட்டை படுக்கையறைக்கு நடுவே. சட்டம் என்ன சொல்கிறது என்று தலைமை எழுத்தர் தேடி எடுத்தார். தூங்கும்போது தலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து ஆள். உடனே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நடுப்பகலில் வீட்டுக்கே வந்துவிட்டார். நடுக்காரர் காக்கிச் சட்டையோடு கட்டிலில் மல்லாந்து படுத்துக் காட்ட வேண்டியதாயிற்று.

"என்னங்க மேடம், ஆபீஸ் நேரத்துல வந்து படுக்க வச்சிருக்கீங்க?" என்றார் மனைவி சமையலறையிலிருந்து.

"அரசாங்க வேலையா படுத்திருக்காருக்கா" என்றார் தலைமை எழுத்தர். பட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் மூன்று முழம். "தலை மேடு, காலு ஆறு. இப்போதைக்கு நீங்க மேட்டு ஆளுண்ணே. தலைகாணிய மாத்திப் போட்டா ஆத்து ஆளு. எங்க போடறீங்கன்னு நீங்கதான் சொல்லணும்."

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அந்தத் தலையணையைப் பற்றித்தான் பேச்சு. முப்பத்தொரு வருஷமாக நடுவில் நின்றவர் எந்தப் பக்கம் சாயப்போகிறார் என்று இரண்டு பக்கமும் தவியாய்த் தவித்தது. அப்போது தலைவராக இருந்த மேட்டுக்காரர் தெருவில் மடக்கி, "தலைகாணி இருக்கற இடத்துலயே இருக்கட்டும் நடுக்காரரே, அந்தக் கம்பத்துக்கு நாங்களே விளக்குப் போட்டுடறோம்" என்றார். விளக்குப் போட்டால் குடையை எங்கே மாட்டுவது என்று இவருக்கு ஒரு கவலை. ஆற்றுப் பக்கத்து மருந்துக் கடைக்காரர் மூன்றாவது வார்டில் முதல் தடவையாகத் தேர்தலில் நிற்கிறவர், வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவர். தலையை ஆற்றுப் பக்கம் வைத்தால் காற்றோட்டம் நல்லது, இருமல் வராது என்று அரை மணி நேரம் விளக்கினார். இருமல் இல்லாத நடுக்காரர் இருமிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினார்.

அவர் முடிவு எடுத்த விதம் ரொம்பச் சாதாரணமானது. பெண்டாட்டி ஒரு பட்டியலிலும் புருஷன் ஒரு பட்டியலிலும் இருந்தால் ஊர் சிரிக்கும் என்று நினைத்தார். அதோடு, அவள் யாருக்கு ஓட்டுப் போடுகிறாள் என்பதை அதே வார்டில் இருந்தால் எப்படியாவது கண்டுபிடித்துவிடலாம் என்றும் நினைத்தார். தலையணையை எடுத்துக் கால்மாட்டில் போட்டார். படிவத்தில் ஆற்றுப் பக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வரிசை எண் நானூற்றுப் பதின்மூன்று.

நாற்காலி மாற்றும் நாள் தேர்தலுக்குப் பத்து நாள் முன்னால் வந்தது. தொடுகிற ஆள் வேண்டுமே! பக்கத்து ஊர்ச் சந்தையிலிருந்து மூட்டை தூக்குகிற இரண்டு பேரைக் கூட்டிவந்திருந்தார்கள். நல்ல பலசாலிகள். நெல் மூட்டையைத் தூக்குகிற மாதிரியே தூக்கினார்கள். கூடத்தில் வழக்கத்தைவிடக் கூட்டம். எல்லாரும் நாற்காலியைப் பார்க்கவில்லை, சுவரோரமாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவரைப் பார்த்தார்கள்.

"அந்தக் காலுக்கு எடை குடுக்காதீங்க!" என்று கத்தினார் நடுக்காரர். "இடுப்புல சாய்ச்சு எடுங்கய்யா, இடுப்புல!"

"அவரு பேசலாமா?" என்று ஒரு உறுப்பினர் எழுந்தார்.

தலைமை எழுத்தர் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினார். "தொடக் கூடாது, தூக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. திட்டக் கூடாதுன்னு இல்லை."

ஏழாவது எட்டில் ஒருவர் கால் பட்டையில் தடுக்கியது. நாற்காலி சாய்ந்து, ஒட்டவைத்த காலில் இறங்கியது. எண்பத்தைந்து வருஷம் தாங்கிய ஒட்டு டக்கென்று விட்டது. பின்னால் கட்டியிருந்த கைகள் தாமாகவே முன்னால் பாய்ந்தன. நாற்காலியைத் தொடுவதற்கு ஒரு சாண் முன்னால் அவரே அவற்றைப் பிடித்து நிறுத்திக்கொண்டார். அதைப் பார்த்தவர்கள் யாரும் அன்றைக்குக் கை தட்டவில்லை. காலுக்கு அடியில் இரண்டு செங்கல்லை வைத்து நாற்காலியை நிமிர்த்தினார்கள். ஆற்றுப் பக்கத்துப் புதுத் தலைவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதில் உட்கார்ந்தார்.

நடுக்காரர் பொருள் வைக்கிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். பழைய பதிவேடுகளுக்கும் துடைப்பங்களுக்கும் நடுவில், சின்னப் பிள்ளை மாதிரி, சத்தமாக அழுதார். ஒரு துண்டுத் தாளில் பெயர் ஏறுவதற்காக எதை விட்டுவிட்டோம் என்று அப்போதுதான் முழுசாக உறைத்தது. வீட்டுக்குப் போனபோது மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார்.

மூன்றாவது வார்டில் இரண்டு பேர் போட்டி. ஒருவர் அந்த மருந்துக் கடைக்காரர். இன்னொருவர் தையல்காரர், ஏற்கெனவே ஐந்து வருஷம் உறுப்பினராக இருந்தவர், மன்றத்தில் மொத்தமே நாலு தடவைதான் வாய் திறந்தவர். வாக்குறுதிகளையெல்லாம் நடுக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கென்று ஒரு அளவுகோல் இருந்தது. கூட்டம் முடிந்து பத்துப் பேரும் போன பிறகு கூடத்தை ஒழுங்குபண்ணுகிறவர் அவர். யார் டீ டம்ளரைக் கோப்பின் மேல் வைக்கிறார்கள், யார் நாற்காலியைக் குறுக்கே இழுத்துப்போட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த ஐந்து வருஷமும் ஒரே ஒரு ஆள்தான் எழுந்து போகும்போது தன் நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார். அது தையல்காரர். ஊரை நடத்த இதைவிடப் பெரிய தகுதி என்ன வேண்டும் என்று அவர் நினைத்தார். எனக்கும் பதில் தெரியவில்லை.

தேர்தல் நாளன்று விடியும்போதே இரண்டு சாவடியையும் கட்டி முடித்தார். பிறகு வீட்டுக்குப் போய்க் காக்கியைக் கழற்றி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஆற்றுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, தான் கட்டிய கயிற்றுக்குப் பின்னால் கடைசி ஆளாகப் போய் நின்றார்.

"நீங்க எதுக்கண்ணே வரிசையில? முன்னால போங்க" என்று ஆளாளுக்கு வழி விட்டார்கள்.

"போங்கய்யா! வரிசையில நிக்கத்தானே வந்தேன்" என்று எரிந்து விழுந்தார்.

முக்கால் மணி நேரம் நின்றார். ஒவ்வொரு நிமிஷமும் அவருக்கு ருசித்தது. முன்னால் நின்றவர் மெதுவாக நகர்ந்ததற்காக மற்றவர்களைப்போலவே சலித்துக்கொண்டார். அதிகாரி பெயரைப் படித்தபோது, எல்லாருக்கும் கேட்கும்படி "ஆமா, நான்தான்" என்றார். விரலில் மை வைத்தார்கள். ஊதி ஊதிக் காயவைத்தார். மறைப்புக்குப் பின்னால் போனவர் சீக்கிரம் வெளியே வரவில்லை.

"என்னண்ணே, தட்டி ஆடுதான்னு பாக்கறீங்களா?" என்று அதிகாரி குரல் கொடுத்தார்.

"இருங்க சார்" என்றது உள்ளேயிருந்து வந்த குரல். முத்திரையைத் தையல்காரரின் பெயருக்கு நேராக, கொஞ்சமும் நகராமல், பலமாக அழுத்தினார். வெளியே வந்து, வழக்கமாகத் தான் உட்காரும் இடத்தில் இன்று யாரோ தண்ணீர் ஊற்ற, ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தார். வீட்டில் மனைவி "யாருக்குப் போட்டீங்க?" என்று கேட்டபோது, "அத எதுக்குச் சொல்லணும்?" என்று திருப்பிக் கொடுத்தார். அன்று முழுக்க அந்தப் பதிலை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மத்தியானம் மன்றக் கூடத்தில் எண்ணினார்கள். முன்பெல்லாம் எண்ணிக்கை நாளில் மேசைகளைப் போட்டுவிட்டுத் தூணில் சாய்ந்து தூங்கிவிடுவார். யாராவது கத்துகிற சத்தம் கேட்டால், முடிந்தது, மேசையை மடக்கலாம் என்று எழுந்துகொள்வார். இன்றைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்றாவது வார்டு வந்ததும் போய் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டார். நின்றவர் பத்து நிமிஷத்தில் மறுபடி உள்ளே வந்தார்.

மருந்துக் கடைக்காரர் எண்ணூற்று அறுபது. தையல்காரர் அறுநூற்று நாற்பத்தெட்டு.

இருநூற்றுப் பன்னிரண்டு வித்தியாசம். அவர் ஓட்டு அந்தக் குவியலில் எங்கே கிடந்தது என்றே தெரியவில்லை. அது போடப்படாவிட்டால் வித்தியாசம் இருநூற்றுப் பதின்மூன்று, அவ்வளவுதான். மருந்துக் கடைக்காரரின் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். மாலைகளோடு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். போகிற வழியில் மூன்று நாற்காலிகளைத் தள்ளிவிட்டுப் போனார்கள். தையல்காரர் எழுந்து, தன் நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு வெளியே நடந்தார்.

நடுக்காரர் மேசைகளை மடக்கினார். எப்போதும் ஓசையில்லாமல் மடக்குகிறவர், அன்றைக்குப் படார் படார் என்று மடக்கினார். "மெதுவாண்ணே" என்று தலைமை எழுத்தர் சொன்னதும் அடுத்த மேசையை இன்னும் ஓங்கி மடக்கினார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி தட்டை வைத்தார். அவர் உட்கார்ந்தார், சோற்றைத் தொடவில்லை.

"என்ன, உங்காளு தோத்துட்டாரா?"

"என் ஆளுன்னு யார் சொன்னா?"

"உங்க மூஞ்சி சொல்லுதே, இருநூத்துச் சொச்சம்னு."

இனி மறைத்துப் பிரயோசனமில்லை. "அந்த மனுஷன் ஒருத்தர்தான் நாற்காலிய ஒழுங்கா தள்ளிட்டுப் போவாரு! அவரப் போய்த் தோக்கடிச்சிருக்காங்க! என்ன ஜனங்க இது!"

"நான்தான் தோக்கடிச்சேன்" என்றார் மனைவி நிதானமாக. "நான் மருந்துக் கடைக்காரருக்குப் போட்டேன். போன மழைல எனக்கு மூச்சிழுப்பு வந்தப்ப, கடைய மூடிட்டுப் போனவரு பாதி வழியிலேர்ந்து திரும்பி வந்து தொறந்து மருந்து குடுத்தாரு. நீங்க அன்னிக்கு மன்றக் கூட்டத்துல டீ குடுத்துக்கிட்டிருந்தீங்க."

அதுவும் நியாயம்தான். நியாயமாக இருப்பதே நடுக்காரரின் கோபத்தைக் கிளறியது. "மருந்து விக்கறவன் மருந்து குடுத்தான், அதுல என்ன பெருமை? அரை மணி நேரம் பேசுவான், மன்றத்துல உக்காந்து அதையேதான் பண்ணப்போறான், பாத்துக்கிட்டே இரு!"

"உங்க தையல்காரர் அஞ்சு வருஷம் வாயத் தொறக்காம என்ன கிழிச்சாராம்? நம்ம சமையக்கட்டுப் பின்னால சாக்கடை அப்படியே நிக்குது!"

"அது மேட்டுத் தண்ணி! மேட்டுக்காரங்க விடற தண்ணி!" என்று அவர் தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினார். "அவங்க எப்பவும் இப்படித்தான், நம்ம பக்கம் தள்ளி விட்டுட்டு..."

பாதியில் நின்றார். மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"நம்ம பக்கமா?"

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோற்ற கோபம், நாற்காலி போன துக்கம், எதற்கென்று சொல்லத் தெரியாத ஒரு சந்தோஷம், மூன்றும் ஒரே சமயத்தில் வந்தன. முப்பத்தொரு வருஷமாக இந்த ஊரில் யார் ஜெயித்தாலும் தோற்றாலும் அவருக்குச் சோறு இறங்காமல் போனதே இல்லை.

"நாற்காலியும் போச்சு, ஆளும் தோத்துப் போயாச்சு. எதுக்குங்க இந்த வேலை உங்களுக்கு?" என்று மனைவி இந்தத் தடவை மெதுவாகக் கேட்டார்.

"உனக்குத் தெரியாது, போ" என்றார் அவர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தள்ளிய தட்டை இழுத்து வைத்துக்கொண்டார். "அஞ்சு வருஷம் இருக்கில்ல, அப்ப பாத்துக்கறேன். உன்னையும் சேத்துத்தான்."